படத்தில் இருந்தவளும் படத்தை அனுப்பியவர்களும்

(பதுளையில் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2020 மார்ச் மாதம் பாடசாலைகளை மூடினார்கள். இனிப் பாடமெல்லாம் போனில்தான் என்றார்கள். அப்போது லயம் லயமாக ஏறி இறங்கி, "எப்படியாவது பிள்ளைக்கு ஒரு போன் வாங்கிக் கொடுங்க" என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. நாட்சம்பளம் 1000 ரூபாய்கூட ஆகாத காலம் அது. காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகு வைத்தார்கள். சீட்டு எடுத்தார்கள். வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் தாய்மார் ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே அனுப்பினார்கள். போன் வந்தது, சிக்னல் வரவில்லை. பிள்ளைகள் பாறைமேல் ஏறினார்கள், மரத்தில் ஏறினார்கள். இலங்கை மலைப்பகுதிப் பிள்ளைகள் பாறை உச்சியில் உட்கார்ந்து படிக்கும் படம் 2021இல் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் போனில் பாடத்தைத் தவிர வேறு என்னவெல்லாம் வரும் என்று நான் ஒரு தாயிடமும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு எனக்கே தெரிந்திருக்கவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

ஆபாசப்படம் நேற்று வந்ததில்லை. இங்கே முன்வரிசையில் இருக்கும் ஆண்களுக்கு அது தெரியும். பதுளை டவுனுக்கோ பண்டாரவளைக்கோ போனால் மறைத்து விற்கும் புத்தகம் இருந்தது. பிறகு வீடியோ கசெட் வந்தது, சீடி வந்தது. கொமியூனிகேஷன் கடையில் பாட்டு ஏற்றித் தரும்போதே மெமரி காட்டில் மற்றதையும் ஏற்றிக் கொடுத்த காலமும் இருந்தது. ஆனால் அதற்கெல்லாம் பத்து மைல் பஸ்ஸேற வேண்டும், காசு கொடுக்க வேண்டும், ஒரு கடைக்காரனின் முகத்தைப் பார்க்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையால் அது முடியாது. இப்போது ரீலோட் போட்டால் போதும். அமெரிக்காவில் காமன் சென்ஸ் மீடியா என்ற அமைப்பு 2022இல் 13 முதல் 17 வயது வரையான பிள்ளைகளிடம் கேட்டது. முதன்முதலில் பார்த்த சராசரி வயது 12. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் தேடிப் போகாமலே, தற்செயலாகக் கண்ணில் பட்டுப் பார்த்தவர்கள். நம் மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களில் யாரும் இப்படிக் கணக்கெடுக்கவில்லை. கணக்கெடுத்தால் வேறுவிதமாக இருக்கும் என்று நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

நம்முடைய வீட்டையும் நினைத்துப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதில் தாத்தா, பாட்டி, அப்பா, பிள்ளைகள். வெள்ளைக்காரன் கட்டிய அந்த அளவில் ஆணும் பெண்ணும் தனித்திருக்க ஓர் அங்குலம் இல்லை. அதனால் நாம் ஒரு பழக்கம் பழகிக்கொண்டோம். கண் பார்த்தாலும் வாய் பேசாது. அந்தப் பழக்கம் இல்லாமல் அத்தனை பேர் ஒரே காம்பராவில் மானத்தோடு வாழ்ந்திருக்க முடியாது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இன்று பிள்ளை போர்வைக்குள் போனைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறான். பக்கத்தில் படுத்திருக்கும் பாட்டிக்கு அந்த வெளிச்சம் தெரிகிறது. பாட்டி மறுபக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

இனி, நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயரும் பாடசாலையின் பெயரும் வேண்டாம். உங்களில் சிலருக்கு உங்கள் தோட்டத்துக் கதைபோலவே இருக்கும்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. கணக்கில் கெட்டிக்காரி. இரண்டு வாரம் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று போனேன். அம்மா குவைத்தில். அம்மாயி வாசலில் உட்கார்ந்து ஈர்க்கு கிழித்துக்கொண்டிருந்தார். "அவ இனி வர மாட்டா டீச்சர்" என்றார். தலையை நிமிர்த்தவே இல்லை. உள்ளே போனேன். பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வந்தது. திருவிழாவுக்குப் பாவாடை தாவணி கட்டி எடுத்த போட்டோவை அம்மாவுக்கு இமோவில் அனுப்பியிருக்கிறாள், வட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டிருக்கிறாள். அதிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, ஏதோ ஒரு நிர்வாண உடம்பில் ஒட்டி, தோட்டத்துப் பையன்களின் குரூப்பில் விட்டிருக்கிறார்கள். மூன்று நாளில் மேல்கணக்கு, கீழ்கணக்கு, பக்கத்துத் தோட்டம் வரை போய்விட்டது.

நான் அந்தப் பிள்ளையிடம் முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "நீ ஏன்டி போட்டோ போட்ட?" முப்பது வருடம் பிள்ளைகளோடு இருந்தவள் நான். என் வாயில் வந்தது அதுதான். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப் போவதில்லை.

கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் கூடினார்கள். அனுப்பிய பையன்கள் யாரென்று எல்லோருக்கும் தெரியும். அவர்களின் அப்பாமார் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "பொடியன்கள் விளையாட்டுக்குச் செய்தது" என்றார் ஒருவர். பெண் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்தால் தோட்டத்துக்குப் பேர் கெடும் என்றார் இன்னொருவர். அடுத்த மாதம் அந்தப் பிள்ளையைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. படத்தில் இருந்தது அவளுடைய உடம்பே இல்லை. அதை நான் சொன்னேன். "அது யாருக்குத் தெரியும் டீச்சர்?" என்றார்கள்.

ஆபாசப்படம் சமூகத்தை என்ன செய்கிறது என்று கேட்டால் எனக்கு இந்தக் கதைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பார்த்தவன் கெட்டான், பார்க்காதவன் நல்லவன் என்று பிரித்துப் பேசுவது சுலபம். பார்த்ததை ஒருவன் உயிருள்ள ஒரு பெண்மேல் கொண்டுபோய் ஒட்டும்போது, ஊர் யார் பக்கம் நிற்கிறது? என் கேள்வி அதுதான்.

இப்போது அதற்குக் கத்தரிக்கோல்கூட வேண்டாம். உடுத்தியிருக்கும் பெண்ணின் படத்தைக் கொடுத்தால் உடையைக் கழற்றியதுபோல மாற்றிக் கொடுக்கும் செயலிகள் வந்துவிட்டன. 2019இல் டீப்டிரேஸ் என்ற நிறுவனம் இணையத்தில் உலவிய போலி முக வீடியோக்களை எண்ணிப் பார்த்தபோது, நூற்றுக்கு 96 ஆபாச வீடியோக்களாக இருந்தன. அன்று நடிகைகளின் முகங்களைத்தான் ஒட்டினார்கள். இன்று எந்தப் பிள்ளையின் முகத்தையும் ஒட்டலாம். "என் மகள் அடக்கமானவள், அவளுக்கு ஒன்றும் வராது" என்று எந்தத் தாயும் இனிச் சொல்ல முடியாது.

பார்ப்பவனுக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்லாமல் போகக் கூடாது. இதில் பயமுறுத்தல் வேண்டாம், உண்மையைச் சொல்வோம். பார்க்கிற எல்லோரும் நோயாளி ஆவதில்லை. பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து ஆய்வாளர்கள் 64 ஆண்களின் மூளையை ஸ்கேன் செய்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். வாரத்தில் அதிக நேரம் பார்க்கிறவர்களிடம், இன்பத்தை நாடித் தூண்டும் பகுதி கொஞ்சம் சிறுத்திருந்தது. பார்த்ததால் சிறுத்ததா, இயல்பிலேயே அப்படி இருப்பவர்கள்தான் அதிகம் பார்க்கிறார்களா என்பதை அந்த ஆய்வைக் கொண்டு சொல்ல முடியாது. ஆய்வாளர்களே அதை ஒப்புக்கொண்டார்கள். மேடைகளில் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், தன்னைக் கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையை ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறது. வேலை கெட்டு, உறவு கெட்டு, விட நினைத்தும் விட முடியாமல் மாதக்கணக்கில் தொடர்ந்தால் அது நோய். அதே இடத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்கள். "ஐயோ, பாவம் செய்துவிட்டேன்" என்ற குற்ற உணர்வினால் மட்டும் ஒருவர் வேதனைப்படுகிறார் என்றால் அதை நோய் என்று முடிவு செய்யக் கூடாது.

என்னிடம் படித்த பையன் ஒருவன், கொழும்பு புறக்கோட்டையில் கடையில் நிற்கிறான், தீபாவளிக்கு வந்தபோது என்னைத் தேடி வந்தான். தேத்தண்ணி ஆறும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னான்: "ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி வரைக்கும் பாக்குறேன் டீச்சர். விடியக் கடை திறக்க முடியல. முதலாளி ரெண்டு தடவை ஏசிட்டாரு. விடணும்னு நினைக்கிறேன், முடியல." கடைக்குப் பின்னால் எட்டுப் பேர் படுக்கும் அறை, ஞாயிறு பின்னேரம் மட்டும் லீவு, பேச ஒருவர் இல்லை. அவன் கெட்ட பையன் இல்லை. தனிமையில் கிடந்தவனுக்கு அந்தத் திரை ஒன்றுதான் துணை. பதுளைப் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்ப் பார் என்றேன். "அங்க போனா பைத்தியம்னு சொல்லுவாங்க" என்றான். நானே கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு மூன்று தடவை போனபிறகு தூக்கம் வந்தது. இதை அவனுடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

எனக்கு அதிகம் கவலை தருகிறவர்கள் நோயாளிகள் இல்லை. இவனைப்போல அவதிப்படாமல், அந்தப் படங்களையே பாடப்புத்தகமாக எடுத்துக்கொள்ளும் பையன்கள்தான். பெண் "வேண்டாம்" என்பாள், சற்று நேரத்தில் சிரிப்பாள். அடித்தால் அவளுக்குப் பிடிக்கும். அந்தப் படங்களில் யாரும் யாரிடமும் சம்மதம் கேட்பதில்லை. பதின்மூன்று வயதில் இதைப் பார்க்கும் பையனுக்கு, இது நடிப்பு, காசுக்காகச் செய்தது, சிலவேளை மிரட்டிச் செய்வித்தது என்று யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? 2020 டிசம்பரில் போர்ன்ஹப் என்ற தளம், யார் ஏற்றியது என்று உறுதிப்படுத்தாத ஒரு கோடி அளவிலான வீடியோக்களை ஒரேயடியாக நீக்கியது. சிறுபிள்ளைகள் மீதான வன்கொடுமையும் சம்மதமில்லாமல் எடுத்தவையும் அதில் கிடப்பதாக ஒரு பத்திரிகையாளர் எழுதி, காசு கட்டும் அட்டைக் கம்பெனிகள் விலகிக்கொண்ட பிறகுதான் நீக்கினார்கள். அதுவரை அவற்றைப் பார்த்தவர்கள், ஒரு குற்றத்தைப் பார்க்கிறோம் என்று அறியாமலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாய்மாரே, இப்போது சொல்லப்போவதை ஆண்கள் இருக்கும் சபையில் பேசக் கூடாது என்று சிலர் நினைக்கலாம். பேசத்தான் வேண்டும். கொழுந்து மடுவத்தில் என் காதில் விழுந்தது: "குடிச்சிட்டு வந்து போன காட்டுறாரு அக்கா, இந்த மாதிரி செய்யுங்கறாரு. மாட்டேன்னா அடி." சொன்னவளுக்கு இருபத்து மூன்று வயது. மலையில் பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்துவிட்டு வந்து இதையும் தாங்க வேண்டும். நம் நாட்டுச் சட்டமும் அவளுக்குத் துணை நிற்கவில்லை. மனைவியை அவள் விருப்பமின்றிக் கணவன் பலவந்தப்படுத்தினால், நீதிமன்றம் இருவரையும் பிரித்து வைத்திருந்தால் தவிர, இலங்கையில் அது பாலியல் வல்லுறவாகக் கொள்ளப்படுவதில்லை. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது அந்த அளவோடு நிறுத்தினார்கள். ஆனால் அடிப்பது குற்றம். அதற்கு அவள் பொலிசுக்குப் போகலாம். தொழிற்சங்கத் தலைவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சம்பளத்துக்குப் போராடுகிறோம், நியாயம். இந்தப் பெண்ணின் இரவுக்கும் ஒரு குரல் வேண்டும்.

தமிழ்நாட்டில் பொள்ளாச்சி என்ற ஊரை 2019இல் எல்லோரும் டிவியில் பார்த்தோம். இளம்பெண்களோடு பழகி, தனியிடத்துக்கு அழைத்துப்போய், வன்கொடுமை செய்து, அதைப் படமெடுத்து, அந்தப் படத்தைக் காட்டியே மீண்டும் மீண்டும் மிரட்டிய ஒரு கும்பல். மிரட்டலுக்கு வலுக் கொடுத்தது எது? வெளியே தெரிந்தால் ஊர் தன்னைத்தான் தூற்றும் என்ற அந்தப் பெண்களின் பயம். அந்தப் பயத்தை ஊட்டி வளர்த்தவர்கள் நாம். முறைப்பாடு செய்த பெண்ணின் பெயரைப் பொலிஸ் அதிகாரியே வெளியில் சொன்னார், அரசாணையிலும் பெயர் வந்தது. அதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் இந்திய ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அவ்வளவுக்குப் பிறகும் பெண்கள் முன்வந்து சாட்சி சொன்னார்கள். 2025 மே 13ஆம் திகதி கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் அந்தக் கும்பலின் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் சிறை விதித்தது. ஆறு வருடம் பிடித்தது. ஆனாலும் தீர்ப்பு வந்தது.

நம் நாட்டில் 2010இல் நடந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. ஆபாச வீடியோக்களில் தோன்றியவர்களைப் பிடிக்க வேண்டுமென்று நாளிதழ்களில் முகங்களை வரிசையாக அச்சிட்டார்கள். பெரும்பாலும் பெண்களின் முகங்கள். அவர்களில் எத்தனை பேர் தெரியாமல் படமெடுக்கப்பட்டவர்கள், எத்தனை பேர் நம்பி ஏமாந்தவர்கள் என்று யாரும் கேட்கவில்லை. எடுத்தவன் முகம், விற்றவன் முகம் அந்தப் பக்கத்தில் இல்லை. கோயில் மண்டபத்தில் நடந்ததை அன்று நாடே செய்தது.

தடை போடலாமே என்கிறார்கள். 1927ஆம் ஆண்டிலிருந்தே ஆபாச வெளியீடுகளுக்கு எதிரான கட்டளைச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. 2009இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பல தளங்களை அடைத்தது. அந்த அடைப்பைத் தாண்டிப் போகும் வீபீஎன் என்பதைப் பதினோராம் வகுப்புப் பையன் எனக்கு விளக்கிச் சொன்னான். தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தடையை நம்பி நாம் படுத்துத் தூங்க முடியாது.

ஆனால் சில சட்டங்களை ஒவ்வொரு தாயும் தந்தையும் தெரிந்திருக்க வேண்டும். தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் ஆபாசப் படத்தை எடுப்பது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதும் பரப்புவதும் குற்றம். 2 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறை. "எனக்கு வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்" என்று சொல்லித் தப்ப முடியாது. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஒருவரின் அந்தரங்கத்தை இணையத்தில் போட்டுத் துன்புறுத்துவதைக் குற்றமாக்குகிறது. அரசாங்கத்தைக் குறைசொல்வோரின் வாயை அடைக்க அந்தச் சட்டம் உதவும் என்று அதற்குக் கடும் எதிர்ப்பு உண்டு, அந்த எதிர்ப்பில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைப் போன்ற ஒருத்தி நாளை வந்தால், அவளைக் கொழும்புக்கு அனுப்பும் முன்னர் இந்தச் சட்டங்கள் இருப்பதை நாம் நினைக்க வேண்டும். படத்தை அழித்துவிடாதீர்கள். யார் எந்த நம்பரிலிருந்து எப்போது அனுப்பினார்கள் என்பது தெரியும்படி ஆதாரமாக மட்டும் வைத்துக்கொண்டு, தாமதிக்காமல் பொலிசுக்குப் போங்கள். மற்றவருக்குக் காட்டுவதற்காக அதை இன்னொரு போனுக்கு அனுப்பாதீர்கள்.

பாலியல் கல்வி என்றவுடனே நம் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று கல்வி அமைச்சு ஆக்கிய ஒரு புத்தகம் எதிர்ப்புக் கிளம்பியதால் முடங்கிப் போனது. நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்றார்கள். எது நம் பண்பாடு? மாசி மாதம் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுகிறோம். மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் செய்து வைக்கிறோம். சிவன் மதனை எரிக்க, ரதி விழுந்து புரண்டு புலம்ப, லயத்துப் பெண்களும் கூடச் சேர்ந்து அழுகிறார்கள். பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஆசையையும் அதன் துயரத்தையும் ஊர்கூடிப் பார்க்கும் கூத்தைக் கப்பலேறி வந்த தலைமுறையிலிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறோம். திருக்குறளில் 1330 குறளில் 250 காமத்துப்பால். இந்தச் சமூகத்துக்கா பேசத் தெரியாது?

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தில் இனப்பெருக்கப் பாடம் வந்தால் "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். நானும் அப்படிப் புரட்டியிருக்கிறேன். நாம் புரட்டிய பக்கத்தைப் பிள்ளை அன்றிரவே போனில் தேடுகிறான். அப்பாமாரே, பையனிடம் போனில் எதையோ கண்டால் பெல்ட்டை எடுக்காதீர்கள். அடி வாங்கிய பையன் அடுத்த தடவை இன்னும் மறைவான இடத்தைத்தான் தேடுவான். பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்: இது உண்மை இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். உன் கைக்கு ஒரு பிள்ளையின் படம் வந்தால் அது உன்னோடு நிற்க வேண்டும், உடனே என்னிடம் வந்து சொல்ல வேண்டும். இவ்வளவு போதும். முதல் தடவை நாக்குக் கூசும். இரண்டாம் தடவை கூசாது.

வெளிநாட்டில் இருக்கும் தாய்மார் இரவில் இமோவில் பேசும்போது, சாப்பிட்டியா, படிச்சியா என்பதோடு இன்னொன்றும் கேட்கட்டும்: "போன்ல யாராவது உன்னைப் பயமுறுத்துறாங்களா? எதுவா இருந்தாலும் அம்மா உன்னை ஏச மாட்டேன்." அந்தப் பிள்ளையிடம் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அதுதான்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் ஒரு துண்டு வெண்கட்டி எடுத்துப் போங்கள். வாசலில் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். பிரட்டுக்களத்துச் சுவரிலும் பிள்ளைமடுவத்துக் கதவிலும் கோயில் மண்டபத் தூணிலும் 1929 என்று பெரிதாக எழுதுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் எண். அதற்குக் கீழே 1938 என்று எழுதுங்கள். அது பெண்களுக்கான உதவி எண். அது என்ன நம்பர் என்று முதலில் வந்து கேட்கும் பிள்ளைக்கு, வேலையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.